பரண் பெட்டியில் மஞ்சளான வெள்ளைக் கட்டைகள்

கேள்வி கேட்டவர் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். 1999-இல் துபாயிலிருந்து அவருடைய மாமா வாங்கி வந்த, லெகோ என்ற பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைப் பெட்டி ஒன்று, 2008-இல் வந்த இன்னொன்று. இரண்டும் கொஞ்ச காலம் ஷோகேஸில் இருந்து, கல்யாணத்துக்குப் பிறகு பரணுக்குப் போய்விட்டன. இப்போது மகளுக்கு நான்கு வயது. இறக்கிப் பார்த்தால் வெள்ளை எல்லாம் மஞ்சள், நீலத்தில் பச்சை அடிக்கிறது, சாம்பலில் இரண்டு மூன்று தினுசு. சோப்புத்தூளில் ஊறவைத்தார், பிளீச்சிங் பவுடரும் போட்டுப் பார்த்தார், ஒன்றும் அசையவில்லை. கடைக்காரர் ஒருவர் "இது டூப்ளிகேட் சார், ஒரிஜினல் கலர் மாறவே மாறாது" என்று வேறு சொல்லிவிட்டாராம். டூப்ளிகேட்டா, குழந்தை விளையாடலாமா, பழையபடி வெள்ளையாக்க முடியுமா என்று கேட்கிறார்.

முதலில் அந்தக் கடைக்காரர் சொன்னதை விட்டுத்தள்ளுங்கள். ஒரிஜினலும் மாறும், டூப்ளிகேட்டும் மாறும், நிறம் மாறியதை வைத்து எது எது என்று சொல்லவே முடியாது. நான் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில், அதாவது பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் வேலையில், பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவன். பொம்மை ஓட்டியதில்லை, ஸ்விட்ச் பெட்டி, மிக்ஸி மூடி, டெலிபோன் மேல்கூடு என்றுதான் ஓட்டினோம், ஆனால் பொருள் லெகோவில் உள்ள அதே ஏபிஎஸ் பிளாஸ்டிக், தலைவலியும் அதே தலைவலி. வெள்ளை மிக்ஸி அடுப்பு மேடையில் நாலைந்து வருஷத்தில் சந்தன நிறத்துக்குப் போவதை எல்லார் வீட்டிலும் பார்க்கலாம். உங்கள் வெள்ளைக் கட்டைகளுக்கு வந்ததும் அதுதான்.

ஆனால் உங்கள் பெட்டியில் நடந்திருப்பது ஒரே மாற்றம் இல்லை. வெள்ளை மஞ்சளானது வயசு. சாம்பல் இரண்டு தினுசாக இருப்பதில் பாதி வயசு, மீதிப் பாதி கம்பெனியே நிறத்தை மாற்றியது. இது போக, ஒரே நிறத்தில் கட்டைக்குக் கட்டை இலேசாக ஏறி இறங்கித் தெரிந்தால் அது தொழிற்சாலையில் கலர் கலக்கும் விதத்தால் பிறவியிலேயே வந்தது. இதில் வயசால் வந்ததை மட்டும்தான் வெளுக்க முடியும். மற்றதை வெளுக்கப் போனால் நல்ல கட்டையைக் கெடுத்துக்கொள்வீர்கள். அதனால் மருந்துக்கடைக்கு ஓடுமுன் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது என்றால், ஒன்றோடொன்று மாட்டியபடியே கிடந்த இரண்டு வெள்ளைக் கட்டைகளை எடுத்து இழுத்துப் பிரியுங்கள். கீழ்க் கட்டையின் மேல்முகத்தைப் பாருங்கள். மேலே ஒரு கட்டை உட்கார்ந்திருந்த இடம் பளிச்சென்று வெள்ளையாக, அங்கே புடைத்து நிற்கும் குமிழ்களும் வெள்ளையாக இருக்கும், அது மூடாமல் விட்ட பக்கம் மஞ்சளாக இருக்கும், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒரு எல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றினால் மணிக்கட்டில் தெரியுமே, அதே மாதிரி. எல்லை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், வெளிச்சமும் காற்றும் செய்த வேலை. அடிப்பக்கம் உள்சுவர், வெளிச்சுவர் இரண்டும் ஒரே நிறமாக, எல்லையே இல்லாமல் இருந்தால், அனேகமாக அது அந்தக் கட்டை பிறந்த நிறம்.

இன்னும் சந்தேகம் என்றால் மஞ்சள் ஏறிய ஒரு வெள்ளைக் கட்டையின் அடி விளிம்பில், மாட்டினால் மறைந்துபோகும் இடமாகப் பார்த்து, பிளேடால் ஒரே ஒரு தரம் மெல்லச் சுரண்டுங்கள். பூ மாதிரி ஒரு சுருள் மஞ்சளாக வரும், அடியில் வெள்ளை இருக்கும். மஞ்சள் அவ்வளவு மெல்லிய தோல்தான். இதைப் பார்த்ததும் சிலர் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிப்பார்கள், தயவுசெய்து வேண்டாம். இந்தக் கட்டைகள் ஒன்றையொன்று பிடிப்பதே குமிழும் உள்குழாயும் மயிரிழை அளவில் இறுக்கமாக உட்காருவதால்தான். லெகோக்காரர்கள் அந்தக் குமிழ்-குழாய் அமைப்புக்கு 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், அன்றைய கட்டை இன்றைய கட்டையோடு மாட்டும் என்கிறார்கள் என்றால் அளவை அப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் உப்புத்தாள் போட்டால் பளபளப்பும் போகும், பிடிப்பும் போகும்.

சரி, ஏன் மஞ்சள்? ஏபிஎஸ் என்பது அக்ரிலோநைட்ரைல், பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற மூன்று சரக்கு சேர்ந்தது. ஸ்டைரீன் பளபளப்பும் வார்ப்பதற்கு எளிதான குணமும் தரும், அக்ரிலோநைட்ரைல் விறைப்பும் எண்ணெய்க்கு அசையாத குணமும் தரும், பியூட்டடையீன்தான் அடி தாங்குவது. கட்டை மாடியிலிருந்து விழுந்தாலும் உடையாமல் இருப்பதும், ராத்திரி இருட்டில் மிதித்தால் கட்டை உடையாமல் நம் உயிர் போவதும் அதனால்தான். ஆனால் பியூட்டடையீன் என்பது அடிப்படையில் ரப்பர். பீரோவில் பழைய காகிதக் கட்டைச் சுற்றிப் போட்ட ரப்பர் பேண்டு சில வருஷம் கழித்து இழுத்தால் பொடிப்பொடியாக உதிருமே, அதே இனத்து வியாதி இதற்கும் உண்டு. அந்த ரப்பரின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன, வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அங்கே ஒரு தட்டுத் தட்டித் திறந்துவிட்டால் காற்றில் உள்ள ஆக்சிஜன் உள்ளே புகுந்துகொள்ளும். ஒன்று புகுந்தால் பக்கத்துச் சங்கிலியையும் கிளப்பிவிடும். அப்படி உருவாகும் புது அமைப்புகள் நீல, ஊதா ஒளியை விழுங்குகின்றன. வெள்ளை ஒளியிலிருந்து நீலத்தை எடுத்துவிட்டால் கண்ணுக்கு மிச்சம் மஞ்சள்.

உங்கள் நீலக் கட்டையில் பச்சை அடிப்பதும் இதே கணக்குதான். நீல நிறமி எங்கும் போகவில்லை, அதன் மேல் ஒரு மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டினாற்போல் ஆகிவிட்டது, நீலமும் மஞ்சளும் பச்சை. வெளிர் சாம்பல் காக்கி மாதிரி ஆகும். சிவப்பிலும் மஞ்சளிலும் இதே சேதம் நடந்திருக்கும், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கறுப்பு மட்டும் தப்பித்துவிடும், அதில் போடும் கார்பன் கரி புற ஊதாவைத் தானே விழுங்கிப் பொருளைக் காப்பாற்றும். தண்ணீர்த் தொட்டியைக் கறுப்பில் செய்வதற்கும் அதுதான் காரணம்.

இங்கே நிறம் வெளுப்பதையும் மஞ்சள் ஏறுவதையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குடியாத்தம் லுங்கியை மொட்டைமாடியில் ஒரு மாசம் மறந்துவிட்டால் வெளுத்துப்போகும், அது சாயம் செத்தது. சாயம் செத்தால் திரும்பாது, மறுபடி சாயம்தான் போட வேண்டும். கட்டையில் சாயம் சாகவில்லை, துணியே நிறம் மாறினது மாதிரி. அதனால்தான் இதைத் திருப்ப முடிகிறது.

வெள்ளையில் மட்டும் ஏன் இவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது என்பதற்கு மோல்டிங் ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி இருக்கிறது. ஏபிஎஸ் பிறக்கும்போதே வெள்ளை இல்லை. சாக்கைப் பிரித்துக் கலர் போடாத குருணையைக் கையில் அள்ளினால் வெண்ணெய் மாதிரி, தந்த நிறத்தில் இருக்கும். அதை வெள்ளையாகக் காட்ட டைட்டானியம் டையாக்ஸைடு என்ற வெள்ளை நிறமியை அள்ளிக் கொட்ட வேண்டும், அப்படியும் கண்ணுக்கு ஒரு பழுப்பு மிஞ்சும், அதை மறைக்க ஒரு துளி நீலமோ ஊதாவோ சேர்ப்பது வழக்கம். வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதும் இதுவும் ஒன்றே. ஆக நீங்கள் வெள்ளை என்று நினைத்தது மஞ்சளை நீலம் வைத்துச் சரிக்கட்டிய ஒரு கணக்கு. மஞ்சள் கொஞ்சம் ஏறினாலே கணக்கு உதைத்துவிடும்.

எங்கள் கம்பெனியில் மின்வெட்டுக் காலத்தில் இதைத் தினமும் பார்த்தோம். கரண்ட் போய்விடும், ஜெனரேட்டர் ஏறுவதற்குள் மெஷின் பேரலுக்குள் இருநூற்றுச் சொச்சம் டிகிரியில் உருகிக் கிடக்கும் ஏபிஎஸ் அங்கேயே வெந்துவிடும், கரண்ட் வந்ததும் முதல் பத்துப் பதினைந்து வார்ப்பு பாலாடை நிறத்தில் வரும். எடுத்துத் தனியாகப் போட வேண்டும். ஒருமுறை ராத்திரி ஷிஃப்ட்டில் யாரோ அதை நல்ல பீஸோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள், பார்ட்டி ஒரு லாரியே திருப்பி அனுப்பினார், எங்கள் மேனேஜரின் முகம் அன்று எந்தக் கலர்க் குருணையிலும் இல்லாத நிறத்தில் இருந்தது. வெயிலே படாமல், வெறும் சூட்டில் நிமிஷக் கணக்கில் மஞ்சளானது அது.

சூட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உங்கள் பரண். "இருட்டில்தானே வைத்தேன், எப்படி மஞ்சளாகும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஷோகேஸில் இருந்த காலத்தில் வெயிலும் டியூப்லைட்டும் ஆரம்பித்து வைத்ததை, பரண் இருட்டிலேயே தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தது. ஒரு தரம் ஆரம்பித்த ஆக்சிஜன் வேலைக்கு அப்புறம் வெளிச்சம் கட்டாயமில்லை, சூடு போதும். பொதுவாக இந்த மாதிரி வினைகள் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் நடக்கும் என்று ஒரு நாட்டுக் கணக்கு வைத்துக்கொள்வோம். நம் வேலூரையோ வெயிலூர் என்கிறார்கள். கத்திரியில் வெளியே நாற்பதைத் தாண்டும்போது தளத்துக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பரணில் கை வைத்துப் பாருங்கள், மேல் தளம் குடித்த வெயிலை ராத்திரி பன்னிரண்டு மணி வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். டென்மார்க்கில் லெகோவின் ஊரான பில்லுண்டில் பிறந்த பொருளைக் கொண்டுவந்து இத்தனை கத்திரிக்கு அங்கே வைத்தால் அது என்ன செய்யும்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் யாராவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள், வெள்ளைத் தோல், வெள்ளை சோல் என்றாலே அவர்களுக்கு மஞ்சள் பயம்தான். பெட்டிக்குள் பாலிதீன் பையில் மூடி வைத்ததே மஞ்சளாகிவிடும். அங்கே காரணம் கொஞ்சம் வேறு, பையில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சில மருந்துகள் காற்றில் உள்ள வண்டிப் புகையோடு சேர்ந்து மஞ்சள் சாயமாகவே மாறி ஒட்டிக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டிகள் மஞ்சளானதற்குத் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் சரக்கைக் காரணம் சொல்வார்கள். பொம்மைக் கட்டைக்கு அந்தக் கதை தேவையே இல்லை, ரப்பர் ஒன்றே போதும்.

இப்போது சாம்பலுக்கு வருவோம், உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். உங்களிடம் 1999 பெட்டியும் 2008 பெட்டியும் கலந்து கிடக்கின்றன. நடுவில் 2004 வாக்கில் லெகோ தன்னுடைய வெளிர் சாம்பல், கரும் சாம்பல், பழுப்பு மூன்றையும் நிறுத்திவிட்டுப் புது நிறங்களைக் கொண்டுவந்தது. பழைய சாம்பலில் ஒரு வெதுவெதுப்பு இருக்கும், விபூதியில் துளி சந்தனம் கலந்தாற்போல். புதியதில் நீலம் கலந்திருக்கும், மழை வருமுன் மேகம் இருக்குமே, அந்த மாதிரி. பழைய பழுப்பு மண் நிறம், புதியது செம்பழுப்பு. பெரியவர்கள் வயசில் இதைச் சேகரிக்கிற கூட்டம் ஒன்று உலகம் முழுக்க உண்டு, அவர்கள் அன்றைக்குக் குதித்த குதி கொஞ்சநஞ்சமில்லை. நியாயம்தானே, பத்துப் பதினைந்து வருஷமாகக் காசு போட்டுச் சாம்பல் கட்டை சேர்த்து ஒரு கோட்டை கட்ட நினைத்தவனுக்கு, பாதிச் சுவர் ஒரு நிறம், மீதிச் சுவர் இன்னொரு நிறம் என்றால் எப்படி இருக்கும். நம் வேலூர்க் கோட்டைச் சுவரில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டாற்போல்.

இதில் வேடிக்கை என்னவென்றால் பழைய வெதுவெதுப்பான சாம்பல் வயசாகி இன்னும் மஞ்சள் ஏறும்போது புதிய நீலச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம் என்றே சொல்ல மாட்டீர்கள். அதனால் சாம்பல் கட்டைகளை மூன்றாகப் பிரியுங்கள். பகல் வெளிச்சத்தில், வாசல் பக்கம் உட்கார்ந்து பிரியுங்கள், எல்இடி பல்பு இந்த விஷயத்தில் ஏமாற்றும். அடிப்பக்கத்திலும் எல்லை இல்லாமல் நீலம் அடிப்பது புதுச் சாம்பல், எல்லை இல்லாமல் வெதுவெதுப்பாக இருப்பது பழைய சாம்பல், எல்லையோடு காக்கி அடிப்பது மஞ்சள் ஏறிய சாம்பல். கடைசிக் குவியல் மட்டும்தான் வைத்தியத்துக்கு. நடுவில் இருப்பதை மஞ்சள் ஏறியது என்று நினைத்து எத்தனை நாள் மருந்தில் போட்டாலும் நீலச் சாம்பலாக மாறாது, அது பிறந்ததே அப்படி.

செம்பழுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் 2008 பெட்டியில் செம்பழுப்பு இருந்தால் மாட்டும்போதும் கழற்றும்போதும் பார்த்துச் செய்யுங்கள். அந்தக் காலத்துச் செம்பழுப்பும் கரும் சிவப்பும் பொட்டென்று விரிசல் விடுகின்றன என்பது சேகரிப்பவர்கள் எல்லோரும் அறிந்தது. நிறமி மாறினால் பொருளின் பலமும் மாறும், எங்கள் வேலையில் சிவப்புக்கு ஒரு செட்டிங், வெள்ளைக்கு ஒரு செட்டிங் என்று வைத்திருப்போம்.

ஒரே நிறத்தில் கட்டைக்குக் கட்டை சின்ன வித்தியாசம் எப்படி வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். பிளாஸ்டிக்கில் கலர் போட இரண்டு வழி. முழுசாகக் கலர் கலந்த குருணையாகவே வாங்கி ஓட்டலாம், விலை கூட, நிறம் ஒரே சீராக வரும். இல்லையென்றால் கலர் போடாத குருணையோடு மாஸ்டர்பேட்ச் என்கிற அடர்த்தியான கலர்க் குருணையை நூற்றுக்கு இரண்டு மூன்று என்று மெஷின் பக்கத்திலேயே கலந்து ஓட்டலாம். மலிவு, சரக்கு தேங்காது, ஆனால் கலவை கொஞ்சம் அப்படி இப்படி ஆனால் காலை ஷிஃப்ட் பீஸுக்கும் ராத்திரி ஷிஃப்ட் பீஸுக்கும் வித்தியாசம் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிச் சுவர் கட்டும்போதுதான் தெரியும், பொம்மைக் கட்டையை அப்படித்தானே வைப்போம். எங்களுக்கு இந்த வம்பு கிடையாது, ஒரு வீட்டுக்கு ஒரு மிக்ஸி மூடிதானே போகும்.

குழந்தை விளையாடலாமா என்றால், உங்கள் இரண்டு பெட்டியும் லெகோ என்ற வரைக்கும் தாராளமாக விளையாடலாம். மஞ்சளானதால் விஷம் ஆகிவிடாது. கவலைப்பட வேண்டியது இன்னும் பழைய சரக்குக்குத்தான். 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் சிவப்பு, மஞ்சள் பிளாஸ்டிக்கில் காட்மியம் நிறமி சர்வ சாதாரணம். 2018-இல் இங்கிலாந்தில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் வீடுகளிலும் நர்சரிகளிலும் பழைய பொருள் கடைகளிலும் கிடைத்த 200 பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்து, பழைய சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பொம்மைகளில் காட்மியம், ஈயம் போன்றவை கவலைப்படும் அளவில் இருப்பதைச் சொன்னார்கள், அதில் பழைய லெகோ கட்டைகளும் உண்டு. ஆகவே தாத்தா காலத்துக் கட்டை யாராவது கொடுத்தால் அலமாரியில் வையுங்கள், வாயில் வைக்கும் வயசுக் குழந்தையிடம் வேண்டாம். பெயர் இல்லாத திருவிழாக் கடைக் கட்டைக்கும் இதே பதில். புதிதாக வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு அது கட்டாயம்.

இன்னும் பழையது, 1963-க்கு முந்தைய லெகோ, ஏபிஎஸ்ஸே கிடையாது, செல்லுலோஸ் அசிட்டேட். பழைய சினிமா பிலிம் டப்பாவைத் திறந்தால் ஒரு புளித்த காடி வாடை வருமே, அதே இனத்துப் பொருள். அது மஞ்சளானதோடு நிற்காமல் வெற்றிலை மாதிரி வளையும். ஏபிஎஸ்ஸுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வைத்தியம். நீங்கள் போட்ட சோப்புத்தூள் ஏன் வேலை செய்யவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும், இது அழுக்கு இல்லை. பிளீச்சிங் பவுடரை இதற்கு எடுக்காதீர்கள். வேண்டியது ஹைட்ரஜன் பெராக்சைடு, காயம் கழுவ மருந்துக்கடையில் தருவது, பாட்டிலில் 6 சதவீதம் அல்லது 20 வால்யூம் என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். 2008 வாக்கில் பழைய கம்ப்யூட்டர் பிரியர்கள் கண்டுபிடித்துப் பரப்பிய முறை இது. பெராக்சைடும் ஒளியும் சேர்ந்து அந்த நீலத்தை விழுங்கும் அமைப்புகளை உடைத்துவிடும். அவர்கள் அதைப் பசை மாதிரி ஆக்கிப் பெரிய பெட்டிகளில் பூசினார்கள், கட்டைக்குப் பசை வேண்டாம், நம் வெயிலில் அரை மணியில் காய்ந்து திட்டுத்திட்டாக மேகம் மாதிரி படிந்துவிடும். பார்லரில் முடிக்குப் போடும் 40 வால்யூம் கிரீமும் வேண்டாம், அது இரட்டை வீரியம்.

முதலில் எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், ஸ்டிக்கர் ஒட்டியது, படம் அச்சிட்டது, மோட்டார் உள்ளது, கண்ணாடி மாதிரி இருப்பது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுப் பிசுக்கு போகக் கழுவுங்கள், 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம் என்று லெகோவே சொல்கிறது, ஆகவே வாஷிங் மெஷினில் சூட்டு நீர் போடுவது, கொதிக்கவைப்பது எல்லாம் கூடாது. அப்புறம் அகலமான கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் கட்டைகளை ஒற்றை வரிசையாகப் பரப்பி, மூழ்கும்வரை பெராக்சைடு ஊற்றுங்கள். எவர்சில்வர், இரும்பு, அலுமினியம் எதுவும் வேண்டாம், உலோகம் பட்டால் பெராக்சைடு வீணாக நுரைத்துத் தீர்ந்துவிடும். ரப்பர் கையுறை கட்டாயம், பட்டால் தோல் வெளிறி எரியும், கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை. மகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். கழித்த பெராக்சைடை மூடி இறுக்கிய பாட்டிலில் வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும்.

இதில் ஒரு சின்ன இம்சை இருக்கிறது. ஏபிஎஸ் தண்ணீரைவிடக் கொஞ்சமே கனம், அடிக்குழியில் காற்று மாட்டினாலோ குமிழி சேர்ந்தாலோ கட்டை மேலே மிதக்கும், மிதந்த பக்கம் வேறு நிறம், மூழ்கிய பக்கம் வேறு நிறம் என்று ஆகிவிடும். அரை மணிக்கு ஒருதரம் மரக்குச்சியால் புரட்டிவிடுங்கள், இல்லையென்றால் மேலே ஒரு கண்ணாடித் தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். நான் முதல்முறை செய்தபோது புரட்டாமல் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன், வரிக்குதிரை மாதிரி நாற்பது கட்டை கிடைத்தது.

வெயில் விஷயத்தில் நமக்குக் குறை இல்லை, அதிகம்தான் பிரச்சினை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை உச்சி வெயிலில் மொட்டைமாடியில் வைக்காதீர்கள், பாத்திரத் தண்ணீர் 40-ஐத் தாண்டிவிடும், நீளமான தட்டைப் பீஸ்கள் வளைய வாய்ப்பு உண்டு. காலை ஏழரைக்கு வைத்துப் பத்தரைக்கு எடுங்கள், மறுநாள் மறுபடி. டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க வைக்கலாம். இரண்டு மூன்று காலையில் பெரும்பாலும் வெளுத்துவிடும். போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், அளவு மீறினால் சுண்ணாம்பு பூத்தாற்போல் பளபளப்பு போய்விடும், அதைத் திருப்ப வழியே இல்லை. நீலத்துக்கு இன்னும் ஜாக்கிரதை, ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் எடுத்துப் பாருங்கள், பச்சை போனதும் நிறுத்துங்கள். நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, நிழலில் காயவையுங்கள்.

வெளுத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மஞ்சள் போனதே தவிர, அறுந்த ரப்பர்ச் சங்கிலி ஒட்டிவிடவில்லை, கெடாமல் இருக்கச் சேர்த்திருந்த மருந்தும் திரும்ப வராது. சில மாதங்களிலோ சில வருஷங்களிலோ மறுபடி மஞ்சள் தலைகாட்டலாம். அப்போது இன்னொரு தரம் போடலாம், மூன்றாவது தரம் நான் போட மாட்டேன். எல்லாவற்றையும் வெளுக்க வேண்டும் என்றும் இல்லை, நாலு வயசுக் குழந்தைக்கு மஞ்சள் வெள்ளையும் வெள்ளைதான், கோட்டைச் சுவருக்கு அது புது வெள்ளையைவிடப் பொருத்தமாகக்கூட இருக்கும்.

திரும்பப் பரணில் மட்டும் ஏற்றாதீர்கள். கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் அடித்தட்டில், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். கூடவே பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி இந்த ஸ்டைரீன் இனத்துப் பிளாஸ்டிக்கை இளக்கும். ரப்பர் பேண்டு, அழிரப்பர், வழவழப்பான மிருதுவான பிளாஸ்டிக் பொம்மை எதையும் அதோடு சேர்த்துப் போடாதீர்கள். ஸ்கூலில் ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் லீவு முடிந்து பார்த்தால் அழிரப்பர் ஸ்கேலைத் தின்று பள்ளம் பண்ணியிருக்குமே, அதே கதை கட்டைக்கும் நடக்கும்.

இந்த ஞாயிறு காலை மோசமான வெள்ளையாகப் பார்த்துப் பத்தே பத்துக் கட்டையை மட்டும் போட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் போடாமல் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் எவ்வளவு வெளுத்தது என்று உங்களுக்கே தெரியாது.